யாருடைய இயல்பு? ஒடுக்கப்பட்டோரும் ஆங்கிலப் பேச்சும்: ஒரு வரலாற்றுப் பார்வை



இரட்டைமலை சீனிவாசனாரின் நினைவைப் போற்றும் இவ்வரங்கில் ஆங்கிலத்தைப் பற்றிப் பேச நாம் முடிவு செய்ததற்குக் காரணம் உண்டு. கிராமத்துப் பள்ளியில் தமிழ்வழியில் படித்துக் கல்லூரிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் வந்து சேரும் நம் பிள்ளைகள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "ஆங்கிலத்தில் படிக்க முடிகிறது, பிழையில்லாமல் எழுதவும் முடிகிறது. ஆனால் வாயைத் திறந்தால் இயல்பாக இல்லை என்கிறார்கள். என்ன செய்வது?"

உச்சரிப்புப் பயிற்சி நூல்கள் இதற்கு ஒரு பதில் சொல்லும். வரலாறு வேறொரு பதில் சொல்லும். பயிற்சி வேண்டாம் என்று நாம் சொல்ல வரவில்லை. எதைப் பழக வேண்டும், எதைப் பழகத் தேவையில்லை என்று பிரித்தறிய வரலாறு உதவும் என்கிறோம். ஒரு மொழியில் 'இயல்பு' என்று சொல்லப்படுவது பெரும்பாலும் யாருடன் சேர்ந்து வாழ்ந்தோம் என்பதன் விளைவு. சேர்ந்து வாழும் உரிமையை மறுத்துவிட்டு, பிறகு இயல்பாகப் பேசவில்லை என்று குறை சொல்வது சாதியச் சமூகத்தின் பழைய வழக்கம். இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பதே இன்றைய உரையின் நோக்கம்.

1. பட்லர் இங்கிலீஷ்

தமிழில் ஒருவரின் ஆங்கிலத்தை இகழ இன்றும் வழங்கும் சொல் 'பட்லர் இங்கிலீஷ்'. இந்த வசைச்சொல்லின் பின்னே நம்மவர்களின் உழைப்பு வரலாறு இருக்கிறது. சென்னை மாகாணத்தில் ஐரோப்பியர் வீடுகளில் சமையல்காரர்களாகவும் பட்லர்களாகவும் ஆயாக்களாகவும் குதிரைக்காரர்களாகவும் பெரும் எண்ணிக்கையில் வேலை செய்தவர்கள் ஒடுக்கப்பட்ட சாதியினர். மாட்டிறைச்சி சமைக்கவும் வெள்ளையர் உண்ட தட்டைக் கழுவவும் சாதி இந்துக்கள் முன்வராத இடத்தில் நம்மவர்கள் நுழைந்தார்கள். பள்ளிக்கூடம் அவர்களுக்கு இல்லை. இலக்கண நூல் இல்லை. அடுப்படியிலும் கடைத்தெருவிலும் காதால் கேட்டு ஓர் ஆங்கிலத்தை உருவாக்கிக்கொண்டார்கள்.

யூல், பர்னெல் இருவரும் தொகுத்து 1886இல் வெளிவந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதி பட்லர் இங்கிலீஷுக்குத் தனிப் பதிவே ஒதுக்கியது. சென்னை மாகாண வேலைக்காரர்கள் பேசும் உடைந்த ஆங்கிலம் என்று அது இகழ்ந்தது. ஆனால் அதே பதிவு, தன்னையறியாமல், அந்தப் பேச்சின் இலக்கணத்தையும் எழுதி வைத்துவிட்டது. 'ஐ டெல்லிங்' என்றால் நான் சொல்வேன். 'ஐ டன் டெல்' என்றால் நான் சொல்லிவிட்டேன். எதிர்காலத்துக்கு ஒரு வடிவம், முடிந்த செயலுக்கு ஒரு வடிவம். ஒழுங்கு இருக்கிறது, விதி இருக்கிறது. கலப்பு மொழிகளின் ஆய்வில் முன்னோடியான ஹூகோ ஷூகார்ட் 1891இல் இந்திய ஆங்கிலம் பற்றி எழுதியபோது இதையும் ஆராயத்தக்க மொழிவடிவமாக எடுத்துக்கொண்டார். கேலிப்பொருளாகக் கிடந்த பேச்சு ஒரு மொழியியலாளரின் மேசையில் தரவாக மாறியது.

இதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். 1812இல் சென்னையில் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி தொடங்கப்பட்டது. கம்பெனி அதிகாரிகள் தமிழும் தெலுங்கும் பிற மொழிகளும் கற்பதற்கான இடம் அது. அங்கே பண்டிதர்களைச் சம்பளத்துக்கு அமர்த்திச் சொல்லிக்கொடுத்தார்கள். தேர்ச்சி பெற்றவர்களுக்குப் பரிசும் கூடுதல் படியும் கிடைத்தன. துரை நம் மொழியைத் தட்டுத்தடுமாறிப் பேசினால் அது தகுதி. பட்லர் துரையின் மொழியைத் தட்டுத்தடுமாறிப் பேசினால் அது நகைச்சுவை. இரண்டு பேரும் அயல்மொழி பேசியவர்கள்தாம். ஒருவருக்கு ஆசிரியர் இருந்தார், மற்றவருக்கு இல்லை.

அந்தக் கல்லூரியை உருவாக்கியவர் எல்லிஸ். பண்டிதர் அயோத்திதாசர் எழுதியிருப்பதன்படி, ஆரிங்டன் துரையிடம் பட்லராக இருந்த அவருடைய பாட்டனார் கந்தப்பன் தம் வீட்டிலிருந்த திருக்குறள் ஏட்டுச்சுவடியைத் துரை வழியாக எல்லிஸிடம் சேர்ப்பித்தார். குறள் அச்சேறிய வரலாற்றில் ஒரு பட்லரின் கை இருக்கிறது. அந்தக் கை நீட்டப்பட்டபோது பேசப்பட்ட ஆங்கிலம் எப்படி ஒலித்திருந்தால் என்ன? சேர வேண்டியது சேர வேண்டிய இடத்துக்குச் சேர்ந்தது.

2. கர்ணத்தைத் தாண்டிய மொழி

ஆங்கிலம் நம் முன்னோருக்கு ஏன் தேவைப்பட்டது? அலங்காரத்துக்காக அல்ல என்று பொதுவாகச் சொல்லிவிடலாம். குறிப்பாகச் சொல்வதானால், கிராமத்தில் நம்மைப் பற்றி அரசுக்கு எழுதும் உரிமை கர்ணத்திடமும் முன்சீபிடமும் இருந்தது. நிலம் யாருடையது, யார் சாகுபடி செய்கிறார், யாருக்கு மனை உண்டு என்பதெல்லாம் அவர்கள் எழுதுகோலில் இருந்தன. செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் 1891இல் அளித்த அறிக்கை, நிலம் கேட்கும் பறையர்களின் விண்ணப்பங்களை மிராசுதார்களும் உள்ளூர் அதிகாரமும் எப்படி முறியடிக்கின்றன என்பதைப் பதிவு செய்தது. 1892 அரசாணையும் பஞ்சமி நிலங்களும் அதைத் தொடர்ந்து வந்தவை.

இந்த நிலையில் மனுவை நேரடியாக மேலிடத்துக்கு, மேலிடத்தின் மொழியிலேயே எழுதுவது ஓர் அரசியல் செயல். இடையில் நிற்பவரைத் தாண்டும் வழி அது. 1891இல் பறையர் மகாஜன சபையை அமைத்த சீனிவாசனார் 1893 அக்டோபரில் 'பறையன்' இதழைத் தொடங்கினார். அதே ஆண்டு, இந்திய ஆட்சிப் பணித் தேர்வை லண்டனோடு இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்ற காங்கிரசின் கோரிக்கைக்கு எதிராக, மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஒப்பமிட்ட மனு பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்குச் சென்றது. தேர்வு இங்கே நடந்தால் யார் தேர்ச்சி பெறுவார்கள், யார் நம்மை ஆளுவார்கள் என்ற கேள்வி அதில் இருந்தது. கோரிக்கையின் சரி தவறு பற்றி இன்று மாறுபட்ட கருத்து இருக்கலாம். தமிழில் இதழ், ஆங்கிலத்தில் மனு என்று இரு மொழிகளுக்கும் இரு வேலை பிரித்துக் கொடுக்கப்பட்ட தெளிவை நாம் கவனிக்க வேண்டும். தமிழ் நம்மவரிடம் பேச. ஆங்கிலம் அதிகாரத்திடம் பேச. அயோத்திதாசர் 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கியபோதும் அந்தத் தெளிவு இருந்தது.

மகாராட்டிரத்தில் சாவித்திரிபாய் ஃபுலே 1854இல் வெளியிட்ட 'காவ்ய ஃபுலே' தொகுப்பில் ஆங்கிலத்தைத் தாயாக அழைக்கும் கவிதை உண்டு. சோதிராவ் ஃபுலே 1882இல் ஹண்டர் கல்விக் குழுவின்முன் சாட்சியமளித்தபோது, அரசின் கல்விப் பணம் மேல்சாதியினரின் உயர்கல்விக்கே போகிறது, வெகுமக்களின் தொடக்கக் கல்விக்கு வருவதில்லை என்று சுட்டினார். ஆங்கிலம் வேண்டும் என்பதும், அது சிலரின் சொத்தாகக் கூடாது என்பதும் அன்றே சேர்ந்து எழுந்த குரல்கள்.

3. மணி அடித்த பிறகு உள்ளே வந்த சிறுவன்

சீனிவாசனார் 1939இல் வெளியிட்ட 'ஜீவிய சரித்திர சுருக்க'த்தில் தம் கோயம்புத்தூர்ப் பள்ளி நாட்களைச் சொல்கிறார். அங்கே படித்த சுமார் 400 பேரில் பத்துப்பேர் நீங்கலாக மற்றவர்கள் பிராமணர்கள். தம் குலம், இருப்பிடம், உறவு முதலியவை தெரிந்தால் இழிவாக நடத்துவார்களே என்ற அச்சத்தில், பள்ளிக்கு வெளியே எங்காவது அமர்ந்து படித்திருந்து, மணி அடித்த பிறகு வகுப்புக்குள் போவார். வகுப்பு முடிந்ததும் மற்ற மாணவர்கள் நெருங்குமுன் வேகமாக வீட்டுக்கு நடந்துவிடுவார். பிள்ளைகளோடு கூடி விளையாட முடியாத துயரத்தையும் அவர் பதிவு செய்திருக்கிறார்.

மொழி கற்றல் பற்றிய எந்தப் பாடநூலையும்விட இந்தப் பத்தி நமக்கு அதிகம் கற்றுத்தருகிறது. ஒரு மொழியின் இலக்கணம் வகுப்பில் கிடைக்கும். அதன் சரளம் வகுப்புக்கு வெளியே கிடைக்கிறது: விளையாட்டில், அரட்டையில், சண்டையில், ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய் வருவதில். எங்கே நிறுத்துவது, எதை அழுத்திச் சொல்வது, எப்போது கிண்டலாகச் சொல்வது, எந்தச் சொல் பழசாகிவிட்டது என்பதையெல்லாம் யாரும் பாடம் நடத்துவதில்லை. கூடிப் பழகினால் தானாக வரும். மணி அடித்த பிறகு உள்ளே வந்து, மணி அடித்ததும் வெளியேறிய சிறுவனுக்கு அந்த இரண்டாவது பள்ளிக்கூடம் மூடப்பட்டிருந்தது. சாதி அவருக்கு மறுத்தது நாற்காலியை மட்டும் அன்று, உரையாடலை.

இன்று விடுதி அறையில் தனியே அமர்ந்து காணொளிகளைப் பார்த்து ஆங்கிலம் பழகும் மாணவர் இதே நிலையில்தான் இருக்கிறார். தாத்தா காலத்திலிருந்து ஆங்கில நாளிதழ் வாங்கும் வீட்டில், சாப்பாட்டு மேசையில் ஆங்கிலம் கேட்டு வளர்ந்தவருக்கு வரும் பேச்சு 'இயல்பு' எனப்படுகிறது. அது மூன்று தலைமுறைச் சொத்து. வயலையும் வீட்டையும் போல அதுவும் வாரிசுரிமையாக வந்தது. முதல் தலைமுறைப் பட்டதாரியின் பேச்சு 'தயார் செய்த பேச்சு' போல ஒலிக்கிறது என்பார்கள். ஆம், தயார் செய்ததுதான். அவர் தாமே உழைத்துச் சேர்த்தது.

4. லண்டனில் ஒரு மேசை

சென்னை சட்டமன்றத்தில் அலுவல் மொழியாக ஆங்கிலம் இருந்தது. ஆங்கிலம் அறியாத உறுப்பினர் தம் மொழியில் பேசலாம். அந்த அவைக்கு 1923இல் நியமிக்கப்பட்ட சீனிவாசனார், பொதுச்சாலை, கிணறு, குளம், அலுவலகம் ஆகியவற்றில் நம்மவர் நடமாட எந்தத் தடையும் இல்லை என்ற தீர்மானத்தை 1924இல் கொண்டுவந்து நிறைவேற்றினார். அதற்கு முன்பு 1922இல் எம்.சி.ராஜா, பறையர், பஞ்சமர் என்ற பெயர்களுக்குப் பதில் ஆதிதிராவிடர் என்று அரசு ஆவணங்களில் வழங்க வேண்டும் என்ற தீர்மானத்தைக் கொண்டுவந்திருந்தார். பள்ளி ஆசிரியராக வாழ்வைத் தொடங்கிய ராஜா 1925இல் 'ஒடுக்கப்பட்ட இந்துக்கள்' என்ற நூலை ஆங்கிலத்திலேயே எழுதினார்.

சீனிவாசனாரின் ஆங்கிலம் வேறொரு தொழிலிலும் உரமேறியது. 1900களின் தொடக்கத்தில் ஆப்பிரிக்கா சென்ற அவர் நேட்டாலில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக இருந்தார். கூலித் தமிழர் சொல்வதை நீதிபதிக்கும், நீதிபதி சொல்வதைக் கூலித் தமிழருக்கும் தெளிவாகச் சேர்ப்பது அந்த வேலை. மொழிபெயர்ப்பாளரின் நாக்கு எந்த ஊர் நாக்கு என்று யாரும் கேட்பதில்லை. ஒரு சொல் பிசகினால் ஒருவன் சிறைக்குப் போவான். அதுதான் அங்கே அளவுகோல்.

1930இல் லண்டன் வட்டமேசை மாநாட்டுக்கு ஒடுக்கப்பட்டோரின் பிரதிநிதிகளாக அண்ணல் அம்பேத்கரும் சீனிவாசனாரும் சென்றார்கள். கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்து, மேலைக் கல்வியின் உச்சத்தைத் தொட்ட ஒருவர். செங்கல்பட்டு மாவட்டக் கோழியாளத்தில் 1859இல் பிறந்த எழுபது வயது கடந்த முதியவர் ஒருவர். அதே மாநாட்டில் மிதவாதிகள் தரப்பில் வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியும் இருந்தார். அவருடைய ஆங்கிலத்தைக் கேட்டு ஆங்கிலேயர்களே 'வெள்ளிநாக்கு' என்று புகழ்ந்தார்கள். சாஸ்திரிக்கும் ஆங்கிலம் தாய்மொழி அன்று. கடின உழைப்பால் பெற்றதுதான். அதை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அந்த மேசையில் ஒடுக்கப்பட்டோரின் பிரதிநிதிகள் வேறொரு வேலைக்காக வந்திருந்தார்கள். யாரும் இதுவரை அந்த அவையில் சொல்லாததைச் சொல்ல வந்தார்கள். அவர்கள் அளித்த கோரிக்கை மனு சம குடியுரிமையையும் சட்டமன்றங்களில் போதிய பிரதிநிதித்துவத்தையும் கேட்டது. வகுப்புவாரித் தீர்ப்பு, பூனா ஒப்பந்தம், இட ஒதுக்கீடு என்று நீளும் வரலாறு அங்கிருந்து வருகிறது. அந்த ஆங்கிலத்தை நாம் ஒலியால் நினைவில் வைத்திருக்கவில்லை. விளைவால் நினைவில் வைத்திருக்கிறோம்.

5. 'சரியான' உச்சரிப்பு உருவான கதை

சரி, எந்த ஆங்கிலத்தை 'இயல்பானது' என்கிறோமோ அதற்கு வயது என்ன? பிரிட்டனில் ஊருக்கு ஊர் பேச்சு வேறு. யார்க்ஷயர் வேறு, லிவர்பூல் வேறு, கிளாஸ்கோ வேறு. இவற்றுக்கு மேலே ஒன்றை நிறுத்தி, 'ஏற்கப்பட்ட உச்சரிப்பு' என்ற பெயரை 1869இல் ஏ.ஜே.எல்லிஸ் என்ற மொழிநூலார் கையாண்டார். நாம் முன்னே பார்த்த சென்னை எல்லிஸ் வேறு, இவர் வேறு. 1917இல் டேனியல் ஜோன்ஸ் வெளியிட்ட ஆங்கில உச்சரிப்பு அகராதி தன் அளவுகோலை மறைக்காமல் சொன்னது: விடுதியோடு கூடிய பெரிய தனியார் பள்ளிகளில் படித்த தென் இங்கிலாந்துக் குடும்பத்தார் பேசுவது. ஜோன்ஸ் அதற்கு முதலில் வைத்த பெயரே அந்தப் பள்ளிகளின் பெயரால் அமைந்தது. பிறகுதான் 'ஏற்கப்பட்ட உச்சரிப்பு' என்ற பெயருக்கு மாறினார்.

1926இல் பிபிசி வானொலி, பேச்சு ஆங்கிலத்துக்கென ஓர் ஆலோசனைக் குழுவை அமைத்தது. ஜோன்சும் பெர்னார்ட் ஷாவும் அதில் உறுப்பினர்கள். வானொலி வழியே அந்த உச்சரிப்பு ஒவ்வொரு வீட்டுக்கும் போனது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், 1941இல், வில்ஃபிரெட் பிக்கிள்ஸ் என்பவர் தம் யார்க்ஷயர் உச்சரிப்போடு பிபிசி செய்தி வாசித்தபோது அதுவே நாட்டில் பேச்சாகிவிட்டது. ஆங்கிலேயரின் ஆங்கிலமே ஆங்கிலேயருக்கு இயல்பாகப் படவில்லை! மொழியியலாளர் பீட்டர் ட்ரட்கில் 1970களில் மதிப்பிட்டதன்படி, பிரிட்டனில் அந்த உயர்குடி உச்சரிப்பைப் பேசியவர்கள் சுமார் 3 விழுக்காட்டினர். மீதிப்பேர் பேசியது 'வட்டார வழக்கு'. நம் பாடநூல்களும் ஒலிநாடாக்களும் நமக்கு இலக்காக வைத்தது அந்த மூன்று விழுக்காட்டின் நாக்கை.

தமிழ் மாணவர்களுக்கு இது புதிய செய்தியாக இருக்காது. வழக்கு எனப்படுவது உயர்ந்தோரைச் சார்ந்தது என்று தொல்காப்பிய மரபியல் வரையறுத்தது. உரை மரபில் 'இழிசனர் வழக்கு' என்ற சொல் நிலைபெற்றது. ஆற்றுக்கு அந்தப்பக்கம் பேசினால் வட்டார வழக்கு, சேரியில் பேசினால் கொச்சை. சினிமாவில் சென்னைத் தமிழ் பேசுபவர் ஒன்று ரவுடி, இல்லையேல் கோமாளி. 1992இல் பாமாவின் 'கருக்கு' வந்தபோது, அதன் மொழி இலக்கியத்துக்கு உகந்ததா என்று கேட்டவர்கள் இருந்தார்கள். அந்த நூல் தன் மொழியை மாற்றிக்கொள்ளவில்லை. வாசகர்கள்தாம் தங்கள் காதை மாற்றிக்கொண்டார்கள். பிறகு லட்சுமி ஹோம்ஸ்ட்ரோம் மொழிபெயர்ப்பில் அது ஆங்கிலத்துக்கும் போனது. இலக்கியத்தில் நாம் வென்ற போராட்டம் இது. ஆங்கிலப் பேச்சில் அதே போராட்டம் இன்னும் தொடங்கவே இல்லை.

6. வாயிற்காவல்

விவிலியத்தில், நியாயாதிபதிகள் நூலில், ஒரு நிகழ்ச்சி வருகிறது. போரில் தோற்றோடும் எப்பிராயீமர் யோர்தான் துறையைக் கடக்க வருகிறார்கள். துறையைப் பிடித்திருந்த கிலேயாத்தியர் ஒவ்வொருவரையும் 'ஷிபோலேத்' என்று சொல்லச் சொன்னார்கள். எப்பிராயீமருக்கு 'ஷி' வராது, 'சிபோலேத்' என்றார்கள். அப்படிச் சொன்னவர்களை அங்கேயே வெட்டினார்கள். மாண்டவர் 42,000 பேர் என்கிறது அந்நூல். ஓர் எழுத்து, ஓர் உயிர். அந்த எழுத்தைச் சொல்லச் சொன்னவர்களுக்குப் பொருள் தேவைப்படவில்லை. நீ யார் வீட்டுப் பிள்ளை என்பதுதான் தெரிய வேண்டியிருந்தது.

இன்றைய துறைகள் நேர்முகத் தேர்வு அறைகள். ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் எழுத்துத் தேர்வு மதிப்பெண்ணுக்கும் வாய்மொழித் தேர்வு மதிப்பெண்ணுக்கும் இடையே சமூகப் பிரிவு வாரியாக வேறுபாடு தெரிகிறது என்ற குற்றச்சாட்டை ஆராய்ந்த அப்துல் நஃபே குழு, 2016இல், வாய்மொழித் தேர்வின் எடையை 30இலிருந்து 15ஆகக் குறைக்கப் பரிந்துரைத்தது. ஆனால் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2016 விதிமுறை எதிர்த்திசையில் சென்று, எழுத்துத் தேர்வைத் தகுதிச் சல்லடையாக மட்டும் வைத்து, சேர்க்கையை வாய்மொழித் தேர்விடம் ஒப்படைத்தது. சேலத்திலிருந்து அங்கே ஆய்வு மாணவராகச் சென்ற நம் தம்பி முத்துக்கிருஷ்ணன் 2017 மார்ச்சில் இறப்பதற்குச் சில நாள் முன்பு முகநூலில் இட்ட பதிவில், சமத்துவம் மறுக்கப்பட்டால் எல்லாமே மறுக்கப்படுகிறது என்று எழுதி, வாய்மொழித் தேர்வில் சமத்துவம் இல்லை என்பதையும் குறிப்பிட்டிருந்தார். அந்தப் பதிவும் ஆங்கிலத்தில்தான் இருந்தது. அவர் சொன்னது எல்லோருக்கும் புரிந்தது.

தாளில் பெயர் மறைக்கப்படலாம். குரலை மறைக்க முடியாது. அதனால்தான் குரலுக்கு மதிப்பெண் போடும் அதிகாரம் கேள்விக்குட்பட வேண்டும்.

சந்தை இதை வேறு விதமாகச் செய்தது. 1990களின் இறுதியிலிருந்து குர்கான், பெங்களூரு, சென்னை ஆகிய இடங்களில் பெருகிய அழைப்பு மையங்களில் 'உச்சரிப்பு நடுநிலையாக்கம்' என்ற பயிற்சி வந்தது. வேலை விளம்பரங்களில் 'தாய்மொழித் தாக்கம் இருக்கக் கூடாது' என்பது ஒரு தகுதியாகவே ஆனது. இந்தச் சொற்றொடரைச் சற்று நின்று பார்ப்போம். தாய்மொழி ஒரு கறையாக, கழுவ வேண்டிய தீட்டாக ஆகிவிட்டது. அமெரிக்கரின் உச்சரிப்பிலும் அவருடைய தாய்மொழியின் தாக்கம்தான் இருக்கிறது. அதை யாரும் தாக்கம் என்று சொல்வதில்லை. இப்போது பேசுபவரின் உச்சரிப்பைப் பேசும்போதே மாற்றிக் கொடுக்கும் மென்பொருள்களும் வந்துவிட்டன.

நம் பக்கத்திலும் ஒரு வாயிற்காவல் இருக்கிறது. தடுமாறிப் பேசினால் 'பட்லர்' என்பார்கள். கொஞ்சம் சரளமாகப் பேசினால் 'பீட்டர் விடுறான்' என்பார்கள். இரண்டும் சேர்ந்து ஒரே வேலையைச் செய்கின்றன: நம் பிள்ளையின் வாயை மூடுகின்றன.

7. எதைப் பழகுவது?

இவ்வளவும் சொன்னபின், பழக வேண்டாம் என்று முடித்துவிட்டால் அது பெரிய துரோகம். ஆங்கிலத்தைச் சாடும் மேடைப் பேச்சாளர்கள் பலரின் பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள் என்று நமக்குத் தெரியும். உத்தரப்பிரதேசத்தின் லக்கிம்பூர் கேரி மாவட்டத்துப் பங்கா கிராமத்தில் 2010இல் சந்திரபான் பிரசாத் முன்னெடுத்து ஆங்கிலத் தேவிக்குக் கோயில் எழுப்ப அடிக்கல் நாட்டப்பட்டபோது பலர் நகைத்தார்கள். கையில் பேனாவோடு கணினிமேல் நிற்கும் அந்தச் சிலை நமக்கு வழிபாட்டுப் பொருள் அன்று. அதன் பின்னேயுள்ள பசி உண்மையானது.

ஆகவே ஒரு வேறுபாட்டைக் கைக்கொள்வோம். 'இயல்பு' வேறு, 'தெளிவு' வேறு. இயல்பு பிறந்த வீட்டைக் காட்டுகிறது. தெளிவு சொன்னதைச் சேர்க்கிறது. முன்னதை யாரும் முழுமையாகக் கற்றுவிட முடியாது. பின்னதை எவரும் கற்கலாம்.

ஆய்வுகளும் இதையே சொல்கின்றன. ஐதராபாத்தில் 1958இல் தொடங்கப்பட்ட மைய ஆங்கில நிறுவனத்தைச் சேர்ந்த ஆர்.கே.பன்சால், இந்தியர் பேசும் ஆங்கிலம் பிறருக்கு எவ்வளவு புரிகிறது என்று ஆராய்ந்து 1969இல் வெளியிட்டார். புரியாமல் போவதற்குப் பெரிய காரணங்களில் ஒன்றாக அவர் கண்டது சொல்லில் அழுத்தம் விழ வேண்டிய இடம் மாறுவதை. ஜெனிஃபர் ஜென்கின்ஸ் 2000இல் வெளியிட்ட நூலில், ஆங்கிலம் தாய்மொழியல்லாதவர்கள் ஒருவரோடொருவர் பேசும்போது எவை புரிதலைக் கெடுக்கின்றன, எவை கெடுப்பதில்லை என்று பிரித்துக் காட்டினார். நாம் நாக்கைக் கடித்துக்கொண்டு பழகும் 'தி', 'த' ஒலிகள் புரிதலுக்கு இன்றியமையாதவை அல்ல. உயிரொலியின் நீளம், சொல்லின் தொடக்கத்தில் வரும் கூட்டொலி, வாக்கியத்தில் எந்தச் சொல்லுக்கு முதன்மை அழுத்தம் என்பவை இன்றியமையாதவை.

இதைத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஏற்பச் சொல்வோம். தமிழில் சொல்லழுத்தம் பொருளை மாற்றுவதில்லை. அதனால் நாம் எல்லா அசைகளையும் ஒரே எடையில் சொல்கிறோம். ஆங்கிலத்தில் 'டெவலப்' என்ற சொல்லில் அழுத்தம் இரண்டாம் அசையில் விழுகிறது. 'போட்டோகிராஃப்' என்பதில் முதல் அசை. 'போட்டோகிராஃபி' என்பதில் இரண்டாம் அசை. அகராதியில் அழுத்தக் குறியைப் பார்க்கும் பழக்கம் ஒன்றே பாதி வேலையை முடித்துவிடும். நம் எழுத்தில் பகரம் ஒன்றே இருப்பதால் 'பின்', 'பெட்' போன்ற சொற்களில் இரண்டு வேறு ஒலிகள் குழம்பும். அதைக் கவனித்துப் பிரிக்க வேண்டும். எகரத்தில் தொடங்கும் சொல்லுக்கு முன் யகரமும், ஒகரத்தில் தொடங்குவதற்கு முன் வகரமும் நம் நாக்கில் தாமாக வந்து ஒட்டும்: 'யெவ்ரி', 'வோன்லி'. இவை புரிதலைப் பெரிதாகக் கெடுப்பதில்லை. நேரம் இருந்தால் திருத்தலாம், இல்லாவிட்டால் விட்டுவிடலாம். வேகமாகப் பேசுவதைச் சரளம் என்று எண்ணுவதும் தவறு. பொருள் முடியும் இடத்தில் நிறுத்திப் பேசுபவரைக் கேட்போர் தொடர முடியும். நம் கூத்துக் கலைஞர்களும் மேடைப் பேச்சாளர்களும் நன்றாக அறிந்த கலை அது.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. சரளம் கூடிப் பழகுவதால் வருகிறது என்று பார்த்தோம். அந்தக் கூட்டம் நமக்கு மறுக்கப்பட்டால் அதை நாமே அமைக்க வேண்டும். ஒவ்வொரு விடுதியிலும், ஒவ்வொரு இரவுப் பாடசாலையிலும் வாரம் இருமுறை ஒரு மணி நேரம் ஆங்கிலத்தில் மட்டும் பேசும் வட்டங்களை உருவாக்குவோம். அங்கே ஒரே ஒரு விதி: யாரும் யாரையும் பார்த்துச் சிரிக்கக் கூடாது. பாடப்பொருளைப் பேசலாம், கிரிக்கெட் பேசலாம், ஊர்ச் சண்டையைப் பேசலாம். வேலையில் இருக்கும் அண்ணன்மாரும் அக்காமாரும் வந்து உட்கார வேண்டும். நேர்முகத் தேர்வுகளின் ஒத்திகையை அங்கே நடத்த வேண்டும். மூன்று தலைமுறை சாப்பாட்டு மேசைக்கு ஈடாக நாம் போடக்கூடிய மேசை இது.

கூடவே கேட்பவர் பக்கத்துக் கடமையையும் கோருவோம். வாய்மொழித் தேர்வின் எடை குறைய வேண்டும். தேர்வுக் குழுவில் நம் பிரதிநிதி இருக்க வேண்டும். மாணவர் விரும்பினால் தமிழில் விடையளித்து மொழிபெயர்ப்பாளர் உதவி பெற வழி இருக்க வேண்டும். நூறு ஆண்டுக்கு முந்தைய காலனியச் சட்டமன்றமே ஆங்கிலம் தெரியாதவரைத் தம் மொழியில் பேச அனுமதித்தது. விடுதலை பெற்ற நாட்டின் பல்கலைக்கழகம் அந்த அளவுகூடச் செய்யக் கூடாதா?

தோழர்களே, கந்தப்பன் சுவடியைச் சேர்த்தார். சீனிவாசனார் மனுவைச் சேர்த்தார். அண்ணல் நம் கோரிக்கையை உலகத்தின் காதில் சேர்த்தார். இவர்களில் எவரும் இன்னொருவர் வீட்டுப் பிள்ளைபோல ஒலிக்க வேண்டும் என்பதற்காக ஆங்கிலம் கற்கவில்லை. சொல்ல வேண்டியது இருந்தது, கேட்க வேண்டியவர் அந்த மொழியில் இருந்தார், ஆகவே கற்றார்கள். நம் பிள்ளைகளிடமும் சொல்ல வேண்டியவை நிறைய இருக்கின்றன. நாளை அவர்கள் ஒரு தேர்வறையில் நுழையும்போது, தங்கள் ஆங்கிலம் எப்படி ஒலிக்கிறது என்ற கவலையை வாசலில் விட்டுவிட்டு, தாங்கள் சொல்வது போய்ச் சேர்கிறதா என்ற கவனத்தை மட்டும் எடுத்துச் செல்லட்டும். அதற்கான துணையாக நாம் நிற்போம்.